சொல்ல முடியாது, அண்ணா

பிப்ரவரி 4

அன்புள்ள தங்கச்சிக்கு,

போனில் பேசினால் நான் கத்துவேன், நீ பாதியில் வைத்துவிடுவாய். நேற்று இரண்டு தடவையும் அப்படித்தான் ஆயிற்று. அதனால் பேனாவை எடுத்திருக்கிறேன். பஸ் ஏறினால் இருபது நிமிடத்தில் வந்துவிடக்கூடிய தங்கைக்குத் தபால் எழுதுகிற அண்ணன் இந்த ஊரில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

விஷயம் உனக்குத் தெரியும். இருந்தாலும் என் பக்கத்தையும் கேள். திங்கட்கிழமை காலையில் மைதானத்துக்குக் கிளம்பும்போது, பாப்பாவின் ஷூ பைக்குள் ஈரமான சாக்ஸ் கிடக்கிறதா என்று கையை விட்டேன். ஒரு சீட்டு வந்தது. நீ நர்ஸ் வேலை பார்க்கும் இளையோர் நல மையத்தின் சீட்டு. வந்து போன நாட்கள், அடுத்து வரவேண்டிய நாள், நேரம், கீழே முத்திரை. ஏற்கெனவே மூன்று தடவை வந்து போயிருக்கிறாள். எனக்கும் தெரியாது, உன் அண்ணிக்கும் தெரியாது. பதினேழு வயதுப் பெண்.

அங்கே எப்படிப்பட்ட பிள்ளைகள் வரும் என்று ஊருக்கே தெரியும். வீட்டைவிட்டு ஓடியவர்கள், போதையில் கிடப்பவர்கள், வயிற்றில் வாங்கிக்கொண்டு வந்து நிற்பவர்கள். அந்த இடத்தில் என் மகளுக்கு என்ன வேலை? சீட்டைப் பார்த்ததும் என் நெஞ்சுக்குள் என்னென்ன ஓடியிருக்கும் என்று ஒரு நிமிடமாவது யோசித்தாயா?

அங்கே வந்து நான் சத்தம் போட்டது தப்பு என்று அண்ணி சொல்கிறாள். இருக்கட்டும். நீ செய்தது என்ன? நீலச் சீருடையோடு வந்து நின்று, அத்தனை பேர் முன்னால், முன்பின் தெரியாத ஆளிடம் பேசுவதுபோல், "சொல்ல முடியாது, அண்ணா" என்றாய். அந்த 'அண்ணா' மட்டும் எதற்கு?

நீ நர்சிங் படிக்கப் போகிறேன் என்றபோது வீட்டில் ஒருத்தருக்கும் இஷ்டமில்லை. அப்பாவுக்கு முன்னால் போய் நின்று வாதாடியவன் நான். என்னிடமே வாயை மூடிக்கொள்வதற்குத்தானா அந்தப் படிப்பு?

இன்னும் ஐந்து வாரத்தில் அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வு ஓட்டம். ஆயிரத்து ஐந்நூறு மீட்டரில் அவளை மிஞ்ச இந்தப் பக்கத்தில் ஆள் இல்லை. உடற்பயிற்சி ஆசிரியனாக இருபத்திரண்டு வருடம் எத்தனையோ கால்களைப் பார்த்திருக்கிறேன், இப்படி ஒரு காலைப் பார்த்ததில்லை. அது என் வீட்டிலேயே பிறந்தது என் பாக்கியம். இந்த நேரத்தில் அவளுக்கு என்ன என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். யாராவது பையனா? அதைவிட மோசமா? மூன்று நாளில் பதில் எழுது.

உன் அண்ணன்

—

பிப்ரவரி 7

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதத்தை மதியம் சாப்பாட்டு இடைவேளையில் படித்தேன். இரண்டு தடவை படித்தேன். நீ பயந்துபோயிருக்கிறாய் என்பது மூன்றாவது வரியிலேயே தெரிந்துவிட்டது. உன் பயத்துக்கு நான் மரியாதை கொடுக்கிறேன். ஆனாலும் பதில் அதேதான். சொல்ல முடியாது.

நடந்ததை மட்டும் சொல்கிறேன், இது உனக்கே தெரிந்ததுதான். பாப்பா எங்கள் மையத்துக்கு வந்தாள். சொந்தக்காரப் பெண் என்பதால் அவளை எங்கள் டாக்டரிடம் ஒப்படைத்துவிட்டு நான் விலகிக்கொண்டேன். முதல் நாள் பத்து நிமிடம் அவளோடு இருந்தவள் நான்தான். அதனால் எனக்குக் கொஞ்சம் தெரியும். அந்தக் கொஞ்சத்தையும் சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகு அவள் கோப்பை நான் தொடவில்லை.

நீ கேள்விப்பட்டிருக்கமாட்டாய், அதனால் எழுதுகிறேன். பன்னிரண்டு வயதிலிருந்து இருபத்து நாலு வயது வரை யார் வேண்டுமானாலும் எங்களிடம் வரலாம். அப்பா கையெழுத்து, அம்மா கையெழுத்து எதுவும் வேண்டாம். அவர்கள் சொல்வது அந்த அறையோடு நிற்கும். உயிருக்கு ஆபத்து என்றாலோ, யாராவது அவர்களைத் துன்புறுத்துகிறார்கள் என்றாலோதான் வாயைத் திறப்போம். அதையும் முதலில் அவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வோம். இது வருகிற எல்லாப் பிள்ளைகளுக்கும் நாங்கள் கொடுக்கிற வாக்கு. என் அண்ணன் மகளுக்கு மட்டும் அதில் தள்ளுபடி கிடையாது.

நீ எழுதியிருக்கிற 'எப்படிப்பட்ட பிள்ளைகள்' பற்றி ஒரு வார்த்தை. நீ வந்த அன்று சுவரோரம் ஏழு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கதையைச் சொல்லமாட்டேன், பொதுவாகச் சொல்கிறேன். எங்களிடம் வருகிறவர்களில் ஒருத்தனுக்கு வகுப்பில் எழுந்து நின்றாலே மூச்சு முட்டும். ஒருத்தி அண்ணன் குடிப்பதைப் பார்த்துத் தானும் தொட்டுவிட்டு, விடவேண்டும் என்று தானாகவே வந்தவள். நீ வந்த அன்று கடைசி நாற்காலியில் இருந்தவள் அப்போதுதான் முதல் தடவையாக வந்திருந்தாள். வாசல்வரை வந்து திரும்பிப் போனதே நாலு தடவையாம், வரவேற்பு மேஜையில் இருக்கும் பெண்ணிடம் சொல்லியிருக்கிறாள். நீ மேஜையைத் தட்டி "என் பொண்ணு இங்க என்ன சொன்னா, எனக்கு இப்பவே தெரியணும்"னு கத்தினாய் அல்லவா? அவள் எழுந்து போய்விட்டாள். பெயர்கூட எழுதவில்லை. இன்றுவரை வரவில்லை. என்ன கஷ்டத்தோடு வந்தாள் என்று எங்களுக்குத் தெரியாது. இனித் தெரியவும் போவதில்லை.

உன்மேல் எனக்குக் கோபம் அதற்காகத்தான், என்னைத் திட்டியதற்காக இல்லை.

படிக்க வைத்ததைச் சொல்லிக் காட்டியிருக்கிறாய். எனக்காக அப்பாவிடம் நீ வாதாடியதை நான் மறக்கவில்லை. இங்கே தினமும் நான் செய்வதும் அதேதான்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல். உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கச்சி

—

பிப்ரவரி 15

தங்கச்சிக்கு,

உன் பாடம் வந்து சேர்ந்தது. எனக்குப் பாடம் எடுக்க நீ வளர்ந்துவிட்டாய், சந்தோஷம்.

பாப்பாவைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டேன். சத்தம் போடாமல்தான் கேட்டேன். ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒண்ணும் இல்லப்பா" என்றாள். மறுபடி கேட்டேன், மறுபடியும் ஒன்றுமில்லை. உன் மையம் அவளுக்குக் கற்றுக்கொடுத்திருப்பது இதைத்தான் போலிருக்கிறது. ஒரு மாதமாகப் பயிற்சியிலும் சாக்கு. ஒருநாள் வயிற்றுவலி, ஒருநாள் கெண்டைக்கால் பிடிப்பு. நேற்று ஐந்து சுற்றில் நின்றுவிட்டாள். என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

இனிமேல் பள்ளிக்கும் மைதானத்துக்கும் நானே கூட்டிப்போய் நானே கூட்டி வருவேன். சைக்கிள் சாவி என் பையில். உங்கள் டாக்டர் அம்மாவிடம் சொல்லிவிடு, இனி அவள் வரமாட்டாள்.

இன்னொன்று. சுகாதார வாரியத்தில் உன் பெயரைப் போட்டே புகார் கொடுத்திருக்கிறேன். பதினெட்டு வயது ஆகாத பிள்ளையை, பெற்றவர்களுக்குத் தெரியாமல், மூன்று தடவை உள்ளே வைத்துப் பேசிய இடம் அது. அப்படி ஒரு இடம் இருக்கலாமா கூடாதா என்று அவர்களே முடிவு பண்ணட்டும்.

எழுதக்கூடாது என்று நினைத்தேன், எழுதுகிறேன். பெற்று வளர்த்திருந்தால் உனக்குத் தெரிந்திருக்கும். பெறாதவளுக்கு அடுத்தவர் பிள்ளை ஒரு கோப்பு, அவ்வளவுதான்.

பாப்பாவின் அப்பா

—

பிப்ரவரி 22

மதிப்பிற்குரிய உடற்பயிற்சி ஆசிரியர் அவர்களுக்கு,

நீங்கள் அண்ணன் என்று கையெழுத்துப் போடாததால் நானும் தங்கையாக எழுதவில்லை.

உங்கள் புகார் வந்து சேர்ந்தது. எங்கள் பொறுப்பு அதிகாரி என்னை அறைக்குக் கூப்பிட்டு, முன்பே டைப் அடித்து வைத்திருந்த ஒரு தாளை நீட்டினார். நடந்ததற்கு வருந்துகிறேன், இனி இப்படி நடக்காது என்று நான் கையெழுத்துப் போட்டால் விஷயம் அதோடு முடிந்துவிடுமாம். "உங்க அண்ணன்தானே, ஒரு கையெழுத்துல என்ன போச்சு?" என்றார். தாளை அவர் மேஜையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். வருந்தாததற்கு வருந்துகிறேன் என்று எழுத எனக்குக் கை வராது. அடுத்த மாதம் விசாரணை. வருவேன். வாரியத்தில் யார் கேட்டாலும் உங்களிடம் சொன்னதைத்தான் சொல்லப் போகிறேன்.

பெறாதவள் என்று எழுதியிருந்தீர்கள். என்னைக் காயப்படுத்தத்தான் எழுதினீர்கள், காயப்பட்டது. ஒப்புக்கொள்கிறேன். அதற்குப் பதிலாக, நான் யாரிடமும் சொல்லாத ஒன்றை எழுதுகிறேன். இது என்னுடைய கதை, அதனால் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது.

எனக்குப் பதினேழு வயதில், பள்ளி இறுதித் தேர்வுக்கு முந்தைய ஆறு மாதம், நான் தூங்கவில்லை. காரணமே இல்லாமல் கை நடுங்கும். பஸ் வரும்போது ஓரமாக நிற்கவே பயமாக இருக்கும், கால் தானாகப் போய்விடுமோ என்று. ஒருநாள் தைரியம் பண்ணி நம் குடும்ப டாக்டரிடம் போய்ச் சொன்னேன். தலையைத் தடவிக் கொடுத்தார். சாயங்காலத்துக்குள் அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. அப்பா என்னை அடிக்கவில்லை. "நம்ம குடும்பத்துல பைத்தியம் கிடையாது" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு பத்து வருடம் நான் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. நான் இன்று உயிரோடு இருப்பது கெட்டிக்காரத்தனத்தால் இல்லை, வெறும் அதிர்ஷ்டம்.

அப்போது அடுத்த அறையில் படித்துக்கொண்டிருந்தவர் நீங்கள். உங்களுக்குத் தெரியாது. உங்கள் தப்பு என்று சொல்லவில்லை. பாசம் இருந்தும் தெரியாமல் போகும் என்றுதான் சொல்கிறேன்.

அதனால்தான் வாயை மூடிக்கொள்ளத் தெரிந்த இடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். உங்கள் புகாரால் என்னை அங்கிருந்து தூக்கினால், வேறு எங்காவது அதே வேலையை அதே மாதிரி செய்வேன்.

பாப்பா வருவதைத் தடுக்காதீர்கள். இதை அத்தையாகக் கேட்கிறேன். சாவி உங்கள் பையில் இருந்தால் அவள் நடந்து வருவாள். அவளை நடக்க வைக்காதீர்கள்.

மைய நர்ஸ்

—

மார்ச் 12

தங்கச்சிக்கு,

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. என்னை நீ 'நீங்கள்' என்று எழுதிய கடிதம் இரண்டு வாரத்துக்கு மேலாகச் சட்டைப் பையில் இருக்கிறது. அதற்குப் பதில் பிறகு. முதலில் நேற்று நடந்ததைச் சொல்கிறேன். வேறு யார் வாயாலும் நீ கேட்கக்கூடாது.

தேர்வு ஓட்டம் பத்து மணிக்கு. நானும் அண்ணியும் கம்பி வேலியோரம் நின்றோம். என் கழுத்தில் நிறுத்துகடிகாரம். ஒன்பது பெண்கள் கோட்டில் வந்து நின்றார்கள். பாப்பா மூன்றாவது. ஓட்டத்தைத் தொடங்கிவைக்கும் துப்பாக்கிக்காரர் கையைத் தூக்கப் போகிற நேரம், அவள் கோட்டைவிட்டுப் பின்னால் வந்தாள். புல்லில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். அதிகாரி ஏதோ கேட்டார், அவரிடம் தலையை ஆட்டினாள். பிறகு வெறுங்காலோடு, எல்லோரும் பார்க்க, மைதானத்தின் குறுக்கே என்னை நோக்கி நடந்து வந்தாள். அவள் நொண்டுகிறாள் என்பதை அப்போதுதான் பார்த்தேன். இருபத்திரண்டு வருடம் கால்களைப் பார்த்தவன் நான்.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு சொன்னாள்: "அப்பா, நான் ஓடப்போறதில்ல. என் கால் எலும்புல விரிசல் இருக்கு. எட்டு மாசமா எனக்கு மாதவிடாய் வரல. சாப்பிடவே பயமா இருக்குப்பா, தட்டைப் பார்த்தாலே உங்க தராசு ஞாபகம் வருது. டாக்டர் ஓடக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. இதை உங்ககிட்ட சொல்றதுக்கு நான் ஆறு வாரமா பழகினேன்."

குரல் நடுங்கவில்லை. ஒப்பிப்பதுபோல் முழுவதும் சொன்னாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? உனக்கு மட்டும்தான் இதை எழுதுகிறேன். "முதல்ல ஓடிட்டு வா, அப்புறம் பேசிக்கலாம்" என்றேன். என் வாயிலிருந்து முதலில் வந்தது அதுதான்.

"மாட்டேன்பா" என்றாள்.

துப்பாக்கி வெடித்தது. எட்டுப் பெண்கள் ஓடினார்கள். என் கட்டைவிரல் பழக்கத்தில் கடிகாரத்தை அமுக்கிவிட்டது. அண்ணி அதைப் பார்த்தாள். இருபது வருடத்தில் என்னை ஒரு சொல் எதிர்த்துப் பேசாதவள், என் கழுத்திலிருந்து அந்தக் கடிகாரத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு, "அவ சொன்னது உங்க காதுல விழுந்துச்சா இல்லையா?" என்று கேட்டாள். பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு உன் மையத்துக்கே போய்விட்டாள். நான் மைதானத்தில் நின்றேன். யாரிடமோ யார் ஜெயித்தது என்று கேட்டேன். பதில் சொன்னார்கள், மனதில் நிற்கவில்லை.

தினமும் காலையில் அவளை நிறுத்தி எடை பார்த்தது நான். குறைந்த நாளில் முதுகைத் தட்டி "சபாஷ்" சொன்னதும் நான்தான். கனம் குறைந்தால் வேகம் கூடும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவள் நல்ல மாணவி. சொன்னதைவிட அதிகமாகவே செய்துவிட்டாள்.

ஆனாலும் உன்னிடம் ஒன்று கேட்பேன், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. நான் வந்து கத்திய அன்றைக்கே நீ இதைச் சொல்லியிருந்தால் ஐந்து வாரம் முன்னாலேயே நிறுத்தியிருப்பேனே? எலும்புக்காவது நல்லதாக இருந்திருக்குமே? இதற்குப் பதில் சொல்.

அண்ணன்

—

மார்ச் 16

அன்புள்ள அண்ணனுக்கு,

இந்தக் கடிதத்தை எழுதுவதற்கு முன் பாப்பாவிடம் கேட்டேன். நடந்ததையெல்லாம் அவளே சொல்லி, "எழுதுங்க அத்தை" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

நீ கேட்டதற்குப் பதில். அன்றைக்கே நான் சொல்லியிருந்தால் நீ நிறுத்தியிருக்கமாட்டாய். நீயே எழுதியிருக்கிறாய், எலும்பில் விரிசல் என்று அவள் வாயாலேயே கேட்ட பிறகும் உன் வாயில் வந்தது என்ன என்று. அன்றைக்கு நான் சொல்லி உனக்குத் தெரிந்திருந்தால், நாலு நாள் திட்டி, அவள் தட்டில் இரண்டு முட்டையைக் கூட வைத்து, சரியாகிவிட்டது என்று மறுபடி மைதானத்துக்குக் கூட்டிப்போயிருப்பாய். அவள் எங்களிடம் திரும்பி வந்திருக்கமாட்டாள். வேறு யாரிடமும் போயிருக்கமாட்டாள். அது எப்படிப்பட்ட மௌனம் என்று எனக்குத் தெரியும்.

அந்த ஐந்து வாரமும் நாங்கள் சும்மா இருந்துவிட்டோம் என்று நினைக்காதே. அவள் சொன்ன வயிற்றுவலியும் கெண்டைக்கால் பிடிப்பும் டாக்டர் ஓடாதே என்றதால் வந்தவை. நீ சைக்கிள் சாவியை வாங்கிய பிறகும் இரண்டு தடவை பள்ளி மதிய இடைவேளையில் நடந்து வந்தாள். எங்கள் ஆலோசகர் எதிர் நாற்காலியில் உன் மாதிரி உட்கார்ந்துகொண்டு, நீ என்னென்ன சொல்வாயோ அத்தனையும் சொல்லிக் காட்டுவார். அவள் பதில் சொல்லிப் பழகுவாள். நீ சொன்ன அந்த வாக்கியத்துக்கும் அவர்கள் பழகியிருந்தார்கள், அண்ணா. அதனால்தான் அவள் குரல் நடுங்கவில்லை. அவள் உன்னிடம் சொல்லாமல் ஓடத் தொடங்கினால் தானே வந்து உன்னிடம் சொல்லிவிடுவேன் என்று டாக்டர் அவளிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அன்று அவர் மைதான வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார். தேவைப்படவில்லை.

அவள் ஒரு கோப்பாக இருந்திருந்தால் இவ்வளவு பாடு எதற்கு?

இருபத்து நாலாம் தேதி விசாரணை. புகாரைத் திரும்ப வாங்கிக்கொள் என்று நான் கேட்கமாட்டேன். உனக்காக அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதவள், எனக்காக உன்னைக் கெஞ்சவும் மாட்டேன். உன் புகாரைச் சாக்காக வைத்து, பதினெட்டு வயதுக்குக் கீழே யார் வந்தாலும் பெற்றவர் கையெழுத்து வேண்டும் என்று ஒரு விதி கொண்டுவரப் பார்க்கிறார்கள். அதை மட்டும் தெரிந்துகொள். அந்த விதி இருந்திருந்தால் பாப்பா எங்கள் படி ஏறியிருக்கமாட்டாள்.

எனக்கு நீ மன்னிப்பு எழுத வேண்டாம். வரவேற்பு மேஜைப் பெண்ணிடம் நேரில் வந்து கேள். அன்று நீ போன பிறகு தண்ணீர்கூடக் குடிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள்.

தங்கச்சி

—

ஜூலை 9

அன்புள்ள தங்கச்சிக்கு,

விசாரணை முடிந்து வராந்தாவில் என்னைப் பார்த்தும் பார்க்காததுபோல் போனாய். சரி. நான் உள்ளே பேசியது உனக்குப் போதவில்லையோ என்று இத்தனை மாதம் யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்ததைத்தான் சொன்னேன். தலைவர் "புகாரைத் திரும்பப் பெறுகிறீர்களா?" என்று கேட்டார். "இல்லை, திருத்துகிறேன். என் மகள் என்னிடம் வராததற்குக் காரணம் அந்த மையம் இல்லை, நான். அங்கே கையெழுத்துக் கேட்டால் என்னை மாதிரி அப்பாக்களுக்குத்தான் லாபம்" என்றேன். அவர்கள் முகம் சுருங்கியது. உன் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை, அது நிம்மதி. விதியை இன்னும் கைவிடவில்லை, ஒத்தித்தான் வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். மறுபடி கூட்டம் போட்டால் சொல். வருகிறேன். இந்த முறை மேஜையைத் தட்டினால் அங்கேதான் தட்டுவேன்.

வரவேற்பு மேஜைப் பெண்ணிடம் ஏப்ரலிலேயே வந்து கேட்டுவிட்டேன், சொல்லியிருப்பாள். "பரவாயில்ல சார்"னு சொல்லவில்லை. "சரி" என்று மட்டும் சொன்னாள். அதுவும் நியாயம்தான்.

பாப்பாவைப் பற்றி நீ கேட்கமாட்டாய், நானாகச் சொல்கிறேன். நல்ல நாளும் உண்டு, பாழும் நாளும் உண்டு. போன வாரம் ஒரு ரொட்டிக்கு முன்னால் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். நான் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அண்ணி சொல்லிக்கொடுத்தபடி. எலும்பு கூடிவிட்டது. மறுபடி ஓடுவாளா என்று தெரியவில்லை. ஒருநாள் கேட்டுவிட்டேன். "நீங்க கேக்குறத நிறுத்தினா யோசிக்கிறேன்" என்றாள். நிறுத்திவிட்டேன்.

பள்ளியில் என் குழுப் பெண்களை எடை பார்ப்பதையும் நிறுத்தினேன். தலைமையாசிரியர் கூப்பிட்டு, பரிசு குறைந்தால் யார் பதில் சொல்வது என்றார். நான் சொல்கிறேன் என்றேன். வேறு ஆளைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்று மிரட்டிப் பார்த்தார். பார்த்துக்கொள்ளுங்கள், ஆனால் நான் இருக்கும்வரை என் மைதானத்தில் தராசு கிடையாது என்று எழுதியே கொடுத்துவிட்டேன்.

இப்போது எழுத வந்த விஷயம். என் குழுவில் தடை தாண்டும் ஓட்டத்தில் ஓடும் ஒரு பெண், பதினைந்து வயது. கொஞ்ச நாளாக வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வருகிறாள். கேட்டால் சிரிக்கிறாள். என்ன என்று எனக்குத் தெரியவில்லை. முன்பெல்லாம் தெரியவில்லை என்றால் ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொள்வேன். நேற்று உங்கள் மையத்தைப் பற்றி அவளிடம் சொன்னேன். "யார்கிட்டயும் சொல்ல மாட்டாங்களா சார்? உங்ககிட்டயும்?" என்றாள். என்கிட்டயும் சொல்ல மாட்டாங்க, நான் கத்தினாக்கூட சொல்ல மாட்டாங்க, எனக்கு நல்லாத் தெரியும் என்றேன். அதைக் கேட்ட பிறகுதான் வருகிறேன் என்றாள்.

செவ்வாய்க்கிழமை நாலு மணிக்குக் கூட்டி வருகிறேன். உள்ளே வரமாட்டேன், எதிரே பஸ் நிறுத்தத்தில் இருப்பேன். எவ்வளவு நேரமானாலும் சரி. அவளுக்கு என்ன என்று எனக்குத் தெரிய வேண்டாம்.

அண்ணன்